நீதி, பாவம், கண்டித்து உணர்த்துதல்: சொல்லும் பொருளும்

"நீதி ஜனத்தை உயர்த்தும், பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி." நீதிமொழிகள் 14:34. கிறிஸ்தவப் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் வேதாகம வசனம் இது. இதைத் தாங்கி நிற்பவை நீதி, பாவம், இகழ்ச்சி என்ற மூன்று சொற்கள். மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை, சிக்கலும் அதனால்தான் வருகிறது. நீதி என்றதும் இன்றைய காது நீதிமன்றத்துக்குப் போகிறது. பாவம் என்றதும் புண்ணியத்தைத் தேடுகிறது. இகழ்ச்சி என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது என்று எடுத்துக்கொள்கிறது. மேடையில் சொன்னது ஒன்றாகவும் கேட்டவர் மனதில் தங்குவது வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது.

எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். பாவத்துக்கு எதிர்ச்சொல் கேட்டால் பள்ளிப்பிள்ளைகூட புண்ணியம் என்று சொல்லிவிடும். நீதிக்குக் கேட்டால் அநீதி என்னும். வேதத்திலோ பாவத்துக்கு எதிரே நிற்பது நீதி. இந்த வேறுபாடு சின்னதல்ல. புண்ணியமும் பாவமும் ஒரே கணக்கின் வரவும் செலவும் போல. ஒன்றைக் கூட்டி மற்றதை நேர்செய்துவிடலாம் என்ற எண்ணம் அந்த ஜோடிக்குள்ளேயே இருக்கிறது. நீதி–பாவம் என்ற ஜோடியில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. ஒருவர் கடவுளுக்கும் மனிதருக்கும் முன்பாக நிற்கவேண்டிய விதத்தில் நிற்பது நீதி, அந்த நிலை குலைவது பாவம். "அநீதியெல்லாம் பாவந்தான்" என்ற 1 யோவான் 5:17 இரண்டு ஜோடிகளையும் ஒரே முடிச்சில் கட்டுகிறது. நீதியைப் பற்றிப் பேசப்போகிறவர் இந்த வசனத்தில் தொடங்கினால் பாதி விளக்கம் அங்கேயே முடிந்துவிடும்.

நீதி வடசொல். நடத்து, வழிகாட்டு என்று பொருள்படும் 'நீ' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் நடந்துகொள்ளும் முறை. தமிழில் 'நெறி' என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். நீதிநூல், 'இந்தக் கதையின் நீதி' என்னும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. நீதிபதி, நீதிமன்றம், சமூக நீதி என்ற வழக்குகள் பெருகப் பெருக, வழக்கில் சரியான தீர்ப்பு என்ற பொருள் முன்னுக்கு வந்துவிட்டது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் இந்த ஏற்பாடு வேறு. அதைத்தான் இன்று சபைகளில் பழைய திருப்புதல் என்கிறார்கள். 'செதாக்கா' என்ற எபிரேயச் சொல்லுக்குப் பெரும்பாலும் நீதி என்றும், தீர்ப்பைக் குறிக்கும் 'மிஷ்பாத்' என்ற சொல்லுக்கு நியாயம் என்றும் அதில் வைத்தார்கள். ஆமோஸ் 5:24இல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது." இன்று நாம் நீதி என்று சொல்வது பெரும்பாலும் இந்த வசனத்தின் நியாயம். வசனத்தின் நீதியோ அதைவிட அகலமானது.

எவ்வளவு அகலம் என்பதை ஒரு தராசில் பார்க்கலாம். லேவியராகமம் 19:36இல் வியாபாரிக்கு ஒரு கட்டளை: தராசு, நிறைகல், மரக்கால், படி எல்லாம் 'சுமுத்திரையானவையாக' இருக்கவேண்டும். தமிழில் சுமுத்திரை என்று வந்த இடத்தில் எபிரேயத்தில் இருப்பது 'செதெக்'. செதாக்காவோடு ஒரே வேரில் பிறந்த சொல். நீதியான தராசு, நீதியான நிறைகல் என்று நேராகப் பெயர்க்கலாம். நிறைகல் யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு சேர் என்றால் ஒரு சேர் இருக்கிறது, அவ்வளவுதான். தான் இருக்கவேண்டியபடி இருப்பதும், அதனால் எதிரில் நிற்பவர் அதை நம்பிக் கொள்ளல் கொடுக்கல் செய்ய முடிவதும் செதெக். 'சுமுத்திரை' என்று தேர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தெரிந்திருக்கிறது. ஆதியாகமம் 38:26இல் யூதா தன் மருமகள் தாமாரைப் பற்றி "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். அவள் செய்ததெல்லாம் சரி என்பது அங்கே பேச்சல்ல. அந்தக் குடும்பத்துக்கு அவள் தன் கடமையில் நின்றாள், தான் நிற்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறான்.

தமிழில் இதற்கு நிகர் தேடினால் முதலில் வருவது அறம். ஒரு விஷயத்தில் நீதியைவிட அறமே செதாக்காவுக்கு நெருக்கம். பிற்கால யூத வழக்கில் செதாக்கா என்றாலே ஏழைக்குக் கொடுப்பது. தானியேல் 4:27இல் நீதியைச் செய்வதும் சிறுமையானவர்களுக்கு இரங்குவதும் இணைகோடுகளாக வருகின்றன. அறச்சாலை, அறக்கட்டளை என்று நாம் சொல்வதும், தர்மம் என்ற சொல் ஒழுக்கத்தையும் பிச்சையையும் ஒருசேரக் குறிப்பதும் இதே போக்குதான். அப்படியானால் எல்லா இடத்திலும் அறம் என்று வைத்துவிடலாமா? பவுலின் நிருபங்களில் அது தடுமாறும். ஆபிரகாம் விசுவாசித்தான், "அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" (ஆதியாகமம் 15:6) என்ற வரியின்மேல் ரோமர் 4ஆம் அதிகாரம் முழுதும் கட்டப்பட்டிருக்கிறது. கிரேக்கத்தில் அந்த 'எண்ணினார்' கணக்கில் வைப்பதைக் குறிக்கும் சொல். நீதி அங்கே கொடுக்கப்படுகிறது. அறமோ தமிழில் எப்போதும் செய்யப்படுவது. 'அறம் செய்' என்ற தொடர் எவ்வளவு இயல்போ, 'அறமாக எண்ணப்பட்டான்' அவ்வளவு ஒட்டாது.

1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதற்கு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பவுலின் இடங்களில் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்கிறது. மத்தேயு 5:6இல் பழைய திருப்புதல் "நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள்" என்றதை 'நீதிநிலைநாட்டும் வேட்கை கொண்டோர்' என்று பெயர்க்கிறது. இந்த இரண்டாவதில் எனக்கு உடன்பாடில்லை. பசியையும் தாகத்தையும் வேட்கை என்று சுருக்கியதில் உடம்பே போய்விட்டது. நிலைநாட்டுதல் என்றதும் வெளியே செய்யவேண்டிய செயல் மட்டும் தெரிகிறது, தனக்குள் இல்லாததற்காக ஏங்குவது மறைந்துவிடுகிறது. 'ஏற்புடைமை' நல்ல ஆக்கம். பவுலை விளக்குகிறவர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தனிமனித ஒழுக்கத்துக்கு நேர்மை, ஆளுகை பற்றிய இடங்களுக்குச் செம்மை. செங்கோல் என்ற சொல்லே 'வளையாத கோல்'தான். சங்கீதம் 45:6இல் "நீதியுள்ள செங்கோல்" என்று வரும்போது தமிழ் வாசகருக்கு ஒரே பொருள் இரண்டு முறை கிடைக்கிறது.

அடுத்தது பாவம். இதுவும் வடசொல், 'பாப'. தமிழில் வேறொரு 'பாவம்' வேறு இருக்கிறது: நடிப்பில் முகத்தில் காட்டும் மெய்ப்பாடு. அது 'பாவ' என்ற இன்னொரு வடசொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேச்சில் 'ஐயோ பாவம்' என்பது இரக்கம். ஒரே சொல் கண்டனமாகவும் கனிவாகவும் ஒலிப்பதை மேடையில் பேசுபவர் மறக்கக்கூடாது. குரல் மாறினால் பொருளும் மாறிவிடும்.

இதற்கு ஈடாகத் தீவினை, கரிசு, அறக்கேடு என்ற சொற்கள் சொல்லப்படுவதுண்டு. தீவினை அழகான சொல், குறளில் தீவினையச்சம் என்று ஓர் அதிகாரமே (21) இருக்கிறது. ஆனால் வினை என்ற சொல்லோடு முன்வினை, ஊழ், அனுபவித்தே தீர்ப்பது என்ற முழுக் கோட்பாடும் உள்ளே வந்துவிடும். மன்னிப்பைப் பற்றிப் பேச வந்தவர், மன்னிக்க முடியாத ஒன்றின் பெயரைக் கையில் எடுத்த மாதிரி ஆகும். கரிசு இன்று யாருக்கும் புரியாது. அறக்கேடு மனிதருக்கு மனிதர் செய்யும் கேட்டைக் காட்டும், கடவுளுக்கு முன்பான பொறுப்பைக் காட்டாது. குற்றம் என்றால் சட்டம். எல்லாவற்றையும் எடைபோட்டால் பாவம் என்றே வைத்துக்கொண்டு பொருளைத் தெளிவாக்குவதே சரி. குறளிலேயே இடம்பெற்ற சொல்லை அந்நியம் என்று தள்ளவேண்டியதில்லை.

எப்படித் தெளிவாக்குவது? சங்கீதம் 51இன் முதல் இரண்டு வசனங்கள் போதும். மீறுதல், அக்கிரமம், பாவம் என்று மூன்று சொற்கள் வரிசையாக வருகின்றன. பலர் இவற்றை ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எபிரேயத்தில் மூன்றும் மூன்று படங்கள். மீறுதல் என்பது 'பெஷா', கலகம். அரசன் ஆகாப் இறந்தபின் மோவாப் நாடு இஸ்ரவேலுக்கு எதிராகக் கிளம்பியதற்கும் (2 இராஜாக்கள் 1:1) இந்த வேர்தான். அக்கிரமம் என்பது 'அவோன்', வளைந்து கோணிப்போனது. தமிழில் கோட்டம் என்பதற்கு மிக அருகில். செம்மைக்குக் கோட்டமும் செங்கோலுக்குக் கொடுங்கோலும் எதிரானதுபோல, செதெக்குக்கு இது எதிர். மூன்றாவதுதான் 'ஹட்டாத்'. இதன் வினைச்சொல் நியாயாதிபதிகள் 20:16இல் மதத்தின் வாசனையே இல்லாமல் வருகிறது. இடதுகைப் பழக்கமுள்ள 700 கவண்காரர்கள். மயிரிழையைக் குறிவைத்து எறிந்தாலும் தவறமாட்டார்கள். அந்தத் 'தவறுதல்'தான் மற்ற இடங்களில் பாவஞ்செய்தல். கிரேக்க 'ஹமார்த்தியா'வுக்கும் குறி தவறுதல் என்ற பழம்பொருள் உண்டு.

இந்த விளக்கத்தைப் பிரசங்கிகள் விரும்பிச் சொல்கிறார்கள், சரியானதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பாவம் ஏதோ கைதவறியது போலாகிவிடும். 'முயன்றேன், கொஞ்சம் தப்பிவிட்டது' என்று கேட்பவர் தன்னைத் தேற்றிக்கொள்வார். கலகமும் கோணலும் சேர்ந்தால்தான் சங்கீதக்காரன் கழுவக் கேட்பது என்ன என்று புரியும். மூன்றையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்வது பாதி மருந்து கொடுப்பது.

இனி இகழ்ச்சி. நீதிமொழிகள் 14:34இல் இந்த இடத்தில் உள்ள எபிரேயச் சொல் 'ஹெசெத்'. வேதத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் கிருபை, தயவு, மாறா அன்பு என்று வரும் சொல்லின் அதே எழுத்துகள்! இங்கே மட்டும் 'பாவம் ஜனத்துக்குக் கிருபை' என்று படிக்க முடியாது. இது எழுத்தொத்த வேறொரு சொல், பொருள் வெட்கக்கேடு. லேவியராகமம் 20:17இலும் அந்தப் பொருளில் வருகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் இந்த வரி 'பாவங்கள் குலங்களைக் குன்றச் செய்யும்' என்று இருக்கிறது. எபிரேய எழுத்தில் தாலேத்தும் ரேஷும் ஒன்றையொன்று மிகவும் ஒத்தவை. ஹெசெத் என்பதைக் குறைவு என்று பொருள்படும் 'ஹெசெர்' என்று படித்தால் அந்தக் கிரேக்க வரி கிடைத்துவிடும்.

தமிழில் இகழ்ச்சி, பழி, நிந்தை மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். "பகைபாவம் அச்சம் பழியென நான்கும்" என்ற குறள் (146) பாவத்தையும் பழியையும் தனித்தனியாக எண்ணுவதைக் கவனிக்கவேண்டும். பாவம் செய்தவனிடம் இருப்பது, பழி பிறர் வாயிலிருந்து அவன்மேல் வந்து விழுவது. பாவமில்லாமலும் பழி வரலாம். "அவருடைய நிந்தையைச் சுமந்து" என்று எபிரெயர் 13:13 சொல்வது அப்படிப்பட்ட பழியைத்தான். ஆகவே பழி வந்தது என்பதை வைத்து ஒருவரைப் பாவி என்று மேடையில் முடிவுகட்டுவது, சொல்லளவிலேயே தவறு.

கடைசியாக, பிரசங்கம் செய்யும் கண்டிப்பு. பரிசுத்த ஆவியானவரைப் பற்றி இயேசு சொல்வது யோவான் 16:8: "அவர் வந்து, பாவத்தைக்குறித்தும், நீதியைக்குறித்தும், நியாயத்தீர்ப்பைக்குறித்தும், உலகத்தைக் கண்டித்து உணர்த்துவார்." 'கண்டி' என்பதன் வடமொழி வேருக்குத் துண்டாக்குதல் என்று பொருள்; எதிராளியின் வாதத்தை உடைப்பது கண்டனம். இன்று கண்டனம் என்றால் எதிர்ப்புக் குரல், கண்டிப்பு என்றால் அதட்டல். கிரேக்கத்தில் இருக்கும் 'எலெங்கோ' என்ற வினைக்கு அதட்டலைவிடச் சான்று காட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே முக்கியம். பழைய திருப்புதல் இதை இடத்துக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறது: யோவான் 8:46இல் குற்றப்படுத்துதல், 2 தீமோத்தேயு 4:2இல் கண்டனம்பண்ணுதல், மத்தேயு 18:15இல் வெறுமனே உணர்த்துதல். யோவான் 16:8இல் 'கண்டித்து' என்பதோடு 'உணர்த்துவார்' என்பதைச் சேர்த்தது மிகக் கவனமான வேலை. அந்த இரண்டாவது சொல்லை விட்டுவிட்டு முதல் சொல்லை மட்டும் உரக்கச் சொல்லும் பிரசங்கம் வசனத்தின் பாதியைத்தான் பேசுகிறது. கேட்பவர் வெட்கப்படலாம், ஆனால் எதற்கு என்று தெரியாமல் வீடு திரும்புவார்.

2 தீமோத்தேயு 4:2இல் கண்டனம்பண்ணு, கடிந்துகொள், புத்திசொல் என்று மூன்று ஏவல்கள் வருகின்றன; மூன்றுக்கும் சேர்த்து "எல்லா நீடிய சாந்தத்தோடும் உபதேசத்தோடும்" என்று அடைமொழி கட்டியிருக்கிறது. 'கடிதல்' நல்ல தமிழ்: விலக்குதல், நீக்குதல். குறளில் குற்றங்கடிதல் அதிகாரம் (44) அரசன் தன் குற்றத்தைத் தானே நீக்குவதைப் பற்றியது. "தன்குற்றம் நீக்கிப் பிறர்குற்றம்" காணச் சொல்வதும் (436) அங்கேதான். பிறரைக் கடிவதற்குத் தமிழில் இன்னும் பொருத்தமான சொல் இடித்துரைத்தல். குறள் அதை நட்பு அதிகாரத்தில் (784) வைக்கிறது: எல்லை மீறும் நண்பனிடம் "மேற்சென்று இடித்தல்". எழுந்து அவனிடம் போகவேண்டும். மத்தேயு 18:15உம் அதே வினையில்தான் தொடங்குகிறது: உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து.