‘ஒதுக்கி வச்சு ஆடறனுங்க’

சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ராத்திரி போனில் ஸ்லாட் சூதாட்டம், திங்கட்கிழமை காலையில் முன்பணம் கேட்டு முதலாளி முன்னால் நிற்பது. திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கமிருந்து மனநலப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் இந்த வரிசை மாறுவதே இல்லை. பனியன் கம்பெனி டெய்லர், தறி ஓட்டுகிறவர், காலேஜ் முடித்த பையன் என்று ஆள்தான் மாறுகிறார். பேச்சு ஒன்றுதான்: “நானென்ன கடன் வாங்கியா ஆடறேன்? வாரம் ஐநூறு ஒதுக்கி வச்சு ஆடறனுங்க.” கூட வந்த மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் கடன் பட்டியல் அவர் பையில் இருக்கிறது.

இவர்கள் ஆடும் கிளஸ்டர் ஸ்லாட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 7×7 கட்டத்தில் மிட்டாயோ பழமோ விழும். ஒரே மாதிரி ஐந்து ஒட்டி நின்றால் பணம். ஒட்டியவை வெடித்து மறைய, மேலிருந்து புதியவை சரியும். அதுவும் ஒட்டினால் இன்னொரு வெடி. கோடு பார்த்து ஆடும் பழைய ஸ்லாட்டைவிட இதில் வேடிக்கை அதிகம், அவ்வளவுதான். முடிவு நீங்கள் பட்டனைத் தொட்டபோதே ஆகிவிட்டது. வெடிக்க வெடிக்க ஓரத்தில் ஏறும் மீட்டர் பல ஆட்டங்களில் அடுத்த சுற்றுக்கே சுழியத்துக்குத் திரும்பிவிடும். ‘முக்கால்வாசி நிறைஞ்சிருச்சு, இப்ப விட்டா வேஸ்ட்’ என்று விடியும்வரை உட்காருவதில் ஒரு பொருளும் கிடையாது.

இனி அந்த ஐநூறு. ‘இந்த ஆட்டம் 96 சதவீதம் திருப்பித் தருதுங்க, 500 போட்டா போறது 20 ரூபாதானே’ என்பார்கள். இந்த ஒரு கணக்குதான் ஆளைக் கவிழ்க்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 96 சதவீதம் என்பது நீங்கள் முதலில் போட்ட தொகைக்கு இல்லை, சுழற்றிய மொத்தத் தொகைக்கு. ஒரு சுற்று 5 ரூபாய், நிமிடத்துக்கு 12 சுற்று என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 720 சுற்று, 3,600 ரூபாய்ப் பந்தயம். அதில் 4 சதவீதம் 144 ரூபாய். மூன்றரை மணி நேரத்தில் சராசரியாக 504 ரூபாய் போய்விடும். டர்போ பட்டனை அழுத்தினால் இதே வேலை பாதி நேரத்தில் முடியும். கரும்புச்சாறு வண்டியில் பிழிந்த கரும்பையே மடித்து மடித்து மறுபடி உள்ளே விடுவார்களே, உங்கள் 500 அப்படித்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் பிழிகிறது. கடைசியில் கையில் சக்கை.

அந்த 96 கூட, பந்தயத்தின் 5,000 மடங்குப் பரிசு எப்போதோ யாருக்கோ விழுவதையும் சேர்த்துப் போட்ட சராசரி. அது விழாத ராத்திரிகளில் உங்களுக்கு வருவது அதைவிடக் குறைவு. மேலும், எந்த நாட்டிலோ இருந்து நடக்கும் தளத்தில் 96 என்று எழுதியிருப்பதைச் சரிபார்த்தது யார்?

வெடிச்சத்தத்தையும் நம்பாதீர்கள். 5 ரூபாய் வைத்து ஐந்து மிட்டாய் ஒட்டினால் பல ஆட்டங்களில் ஒரு ரூபாய்தான் வரும். திரையில் பொன்மழை, கணக்கில் 4 ரூபாய் நஷ்டம். மூளை மழையைத்தான் எழுதி வைத்துக்கொள்ளும். ஜெயித்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் கொண்டுவருகிறார்கள், வங்கி ஸ்டேட்மென்ட்டை ஒருவரும் தாமாகக் கொண்டுவருவதில்லை. வாங்கிப் பார்த்தால் ஒரே இரவில் 11:52க்கு 500, 11:58க்கு 500, 12:07க்கு 1,000 என்று நிற்கும். பெற்றவர் பெயர் ஒவ்வொன்றிலும் வேறு.

பட்ஜெட் உடையும் இடங்களும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. ‘போனஸ் வாங்கு’ பட்டன் பெரும்பாலும் பந்தயத்தின் 100 மடங்கு: 5 ரூபாய் ஆட்டத்தில் ஒரே தொடலில் 500 காலி. அடுத்தது ‘1,000 போட்டால் 1,000 இலவசம்’. அதைப் பணமாக எடுக்க, இலவசத் தொகையின் 35 மடங்குக்கு ஆடவேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். 35,000 ரூபாய் சுழற்றினால் சராசரி நஷ்டம் 1,400; இலவசத்தைவிட அதிகம். பிறகு, ஜெயித்த பணம் ‘பரிசீலனையில்’ என்று நிற்கும் மணி நேரங்கள். பக்கத்திலேயே ரத்து பட்டன் வைத்திருப்பார்கள், தொட்டால் பணம் ஆட்டத்துக்கே திரும்பிவிடும். அங்கே தப்பித்தவர்கள் மிகக் குறைவு.

இத்தனைக்கும் இது சட்டவிரோதம். தமிழ்நாட்டின் 2022 இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின்படி ஆடுகிறவருக்கே மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையிலிருந்து விலக்கியது ரம்மியையும் போக்கரையும்தான். ஸ்லாட் முழுக்க அதிர்ஷ்ட ஆட்டம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அத்தனையையும் தடுத்துவிட்டது. அதனால்தான் பணம், யார் யார் பெயரிலோ வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் வழியாக ஓடுகிறது. அப்படிப்பட்ட கணக்கிலிருந்து உங்களுக்கு 800 ரூபாய் வந்து, அந்தக் கணக்கு ஏதோ மோசடி வழக்கில் சிக்கினால், உங்கள் சம்பளக் கணக்கும் முடங்கக்கூடும். முடங்கினால் பிள்ளை ஃபீஸ் கட்டப் பணம் எடுக்க முடியாமல் வங்கிக்கும் சைபர் கிரைமுக்கும் அலையவேண்டும்.

செய்யவேண்டியதைச் செய்யுங்கள். சம்பளம் விழும் கணக்கில் யுபிஐ வேண்டாம். டீச்செலவுக்குச் சில நூறு ரூபாயோடு தனிக் கணக்கு போதும். பல வங்கிச் செயலிகளில் யுபிஐ வரம்பைக் குறைக்கலாம், இன்றே குறையுங்கள். டெலிகிராமில் ஏபிகே கோப்பாக வந்து நேரடியாகப் போனில் ஏற்றிய செயலியை நீக்குங்கள், அந்த குரூப்பிலிருந்தும் வெளியேறுங்கள். உடனடிக் கடன் செயலி ஒன்றுகூடப் போனில் இருக்கக்கூடாது. கைநீட்டிய கடனை வீட்டில் ஒரே தடவையில் முழுசாகச் சொல்லிவிடுங்கள். பாதியை மறைத்தவர் அந்தப் பாதியை அடைக்க மறுபடி ஆடப்போகிறார்.

வீட்டாருக்கு: சத்தியம் வாங்காதீர்கள், பழனிக்கு மொட்டை நேர்ந்தும் பயனில்லை. நகையை விற்று மொத்தக் கடனையும் அடைத்துவிட்டுப் போனை அவர் கையிலேயே விட்டால் ஆறு மாதத்தில் இன்னொரு பட்டியல் வரும். பணப் பொறுப்பைக் கொஞ்ச காலம் வேறொருவர் எடுங்கள், திட்டாமல் எடுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன்) கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் சிலருக்குச் சூதாடும் உந்துதலையே கிளப்பும். அறுபது வயதில் திடீரென்று ஸ்லாட் ஆடத் தொடங்கிய அப்பாவைத் திட்டும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிய டாக்டரிடமே போங்கள்.

இது நோய்தான், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இதற்கென்று தனி மாத்திரை இல்லை, பேச்சு சிகிச்சைதான் முதுகெலும்பு. கூடவே மனச்சோர்வோ குடியோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு. ‘நான் இல்லாம போனா கடன் தீர்ந்துரும்’ என்று ஒரு வார்த்தை விட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்று ராத்திரி அவரைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104; இரண்டுக்கும் காசில்லை, தமிழிலேயே பேசலாம்.