ஒரே மலை, இரண்டு மழைக்காலம்

"ஊட்டியில் இப்போது மழையா?" என்று ஜூலை மாதத்தில் யாராவது கேட்டால், "எந்தப் பக்கமாக ஏறி வருகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கூடலூரில் காலையில் பஸ் ஏறும்போது குடையை மடக்கவே முடியாது. நடுவட்டம் தாண்டும்வரை வைப்பர் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஊட்டியில் இறங்கினால் வெறும் சாரல். மதியம் குன்னூருக்குப் போனால் மேகத்துக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும். சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் கால் வைத்தால் புழுதி. மொத்தமே சுமார் 100 கி.மீ. பயணம்தான்.

ஏன் இப்படி? விடை உங்கள் பையிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஊட்டிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். வெடித்துவிடும்போல உப்பியிருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். வெளியே அழுத்தம் குறையக் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது.

மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றும் இதே மாதிரிதான் விரிகிறது. விரிவதற்குச் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்குத் தன் வெப்பத்தையே செலவழிப்பதால், ஒரு கி.மீ. ஏறினால் சுமார் 10 டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த பிறகு அதிலுள்ள நீராவியால் ஆவியாகவே நீடிக்க முடிவதில்லை. தூசு, கடல் உப்பு போன்ற நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. கீழே இருப்பவர்கள் அதை மேகம் என்கிறார்கள். தொட்டபெட்டா சாலையோரம் நிற்பவருக்கு அதுவே மூடுபனி. மழையே பெய்யாதபோதும் ஸ்வெட்டர் நூலின் முனைகளில், புருவத்தில் எல்லாம் பொடிப்பொடியாய் நீர் கோத்து நிற்கும். மேகத்துக்குள்ளேயே நிற்கிறோம், அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அடுத்து வருவது. நீராவி துளியாகும்போது, தன்னுள் வைத்திருந்த வெப்பத்தைக் காற்றிடமே திருப்பிக் கொடுக்கிறது. அதனால் மேகக்காற்று கி.மீ.க்கு ஐந்தாறு டிகிரிதான் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் இன்னும் மேலே போகிறது, இன்னும் பொழிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தாண்டி வந்து இப்படி மோதும் பெரிய சுவர்களில் ஒன்று நீலகிரியின் மேற்கே உள்ள குந்தா மலைகள். அங்கிருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான ஒருநாள் மழை 82 செ.மீ. கோவைக்குச் சராசரியாக ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம் இது.

சுவரைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடும். இறங்கும்போது அழுத்தப்பட்டு மறுபடி சூடாகும், அதுவும் கி.மீ.க்கு 10 டிகிரி கணக்கில். ஏறும்போது இழந்ததைவிட அதிகமாகவே சூட்டைத் திரும்பப் பெறுகிறது என்பதால், இருந்த கொஞ்ச மேகமும் கரைந்துபோகிறது. மலைக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் காற்று புகுந்து வீசும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் கோவைப் பக்கத்தில், அந்தக் காற்றுக்கு ஏற்ற மழை இருக்காது.

சரி, அக்டோபர் பிறந்தால்? எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து வந்து மலையின் கிழக்கு முகத்தில் மோதுகிறது. இப்போது நனையும் முறை குன்னூருக்கும் கோத்தகிரிக்கும். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது ஊட்டி. 2009 நவம்பர் 10 அன்று, ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியில் பதிவானதும் 82 செ.மீ.தான். அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் நேர்க்கோட்டில் சுமார் 20 கி.மீ. இருந்தால் அதிகம். இரண்டு கடல்களின் மழையை ஒரே மலை இரண்டு கைகளாலும் ஏந்துகிறது.

நவம்பர் பயணத்தில் கவனிக்க வேண்டியது மண். மண்துகள்களுக்கு இடையே நீர் நிரம்பும்போது அவற்றின் பிடிமானம் தளர்கிறது. சாலைக்காக அடியில் வெட்டிய சரிவு அந்தப் பாரத்தைத் தாங்காது. கல்லாறு–குன்னூர் மலைரயில் பாதையில் மண் விழுந்து ரயில் நிற்பது அந்த மாதங்களில்தான் அதிகம். தொடர்ந்து கொட்டிய மறுநாள் காலையில் அந்தப் பாதையை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஒருநாள் தள்ளிப் போங்கள்.

ஜூலையில் வருகிறவர்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தங்கினால் நிம்மதியாக நடக்கலாம். திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பவானிப் பாலத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தலைக்கு மேல் ஒரு தூறல்கூட இருக்காது. ஆனால் ஆறு இரு கரையும் தொட்டுக் கலங்கலாக ஓடிக்கொண்டிருக்கும். மலைக்கு அந்தப்பக்கம் குந்தாவில் பெய்தது, அணைகளையும் மின்நிலையங்களையும் கடந்து, மழை பெய்யாத இந்தப் பக்கத்து வயல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.