விதை எண் எழுதப்படாத இரு கோப்புகள்

மென்பொருளைச் சோதிக்க நாமே உருவாக்கும் தரவு எப்படியும் பொய்த் தரவுதானே, அது உருவான விதத்தை ஆவணப்படுத்துவது வீண் வேலை அல்லவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

அத்தகைய தரவை உருவாக்க உதவும், கணினி தரும் ரேண்டம் எண்கள் பெரும்பாலும் தாயம் உருட்டி விழுபவை அல்ல, கணக்குப் போட்டு வருபவை. கையிலுள்ள எண்ணை 5 ஆல் பெருக்கி, 3 ஐக் கூட்டி, 16 ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். 7 இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12 என்று வரிசை நீளும். பார்வைக்கு ஒழுங்கே இல்லை; ஆனால் 7 இல் தொடங்கும் எவருக்கும் எப்போதும் இதே வரிசைதான் கிடைக்கும். அந்த முதல் எண்ணைத்தான் விதை என்கிறோம். பல ஜிபி சோதனைத் தரவாக இருந்தாலும், உருவாக்கிய நிரல், அதன் பதிப்பு, விதை எண் ஆகிய மூன்றையும் எழுதிவைத்தால் யாரும் அதை மறுபடி விளைவித்து, பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுவிடலாம். பதிப்பை விட்டுவிட்டால் அதே விதையிலிருந்து வேறு வரிசை முளைக்கக்கூடும் என்பதால் அதையும் சேர்த்தே எழுத வேண்டும். இவ்வளவு எளிய கணக்கு ஒரு கோப்பின் நேர்மைக்குச் சாட்சியாக நிற்பது எனக்கு இன்றும் வியப்பே.

அந்தச் சாட்சி இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பது 2024 மார்ச் 29 அன்று தெரியவந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்இசட் என்னும், கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் இருந்த இரண்டின் வழியே பின்கதவு ஒன்று, அதாவது அனுமதியின்றிக் கணினிக்குள் புக உதவும் ரகசிய வழி, நுழைந்திருந்தது. சோதனைக் கோப்புகள் பலவும் கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் கையால் செய்யப்பட்டவை, அவற்றுக்கு வேறு மூலநிரல் இல்லை என்று அத்திட்டத்தின் குறிப்பே சொன்னதால் அவை எவர் கண்ணையும் உறுத்தவில்லை. வேண்டுமென்றே சிதைத்ததாகக் காட்டப்பட்ட கோப்பில் டேப் இருந்த இடத்தில் இடைவெளியையும், இடைக்கோடு இருந்த இடத்தில் அடிக்கோட்டையும் வைத்து, மறுதலையாகவும் மாற்றினால் போதும். சிதைவு நீங்கி உள்ளிருந்த கட்டளைகள் விரியும். இதில் உச்சம், அவ்விரு கோப்புகளையும் பின்னர் மாற்றியபோது எழுதப்பட்ட கமிட் குறிப்பு, அதாவது நிரலில் செய்த மாற்றத்தைப் பதியும்போது எழுதும் விளக்கம்: இனி எளிதாக மறு உருவாக்கம் செய்வதற்காக மாறாத விதை எண் பயன்படுத்தப்பட்டது என்று அது கூறியது. அந்த எண் எது என்று கூறவில்லை, நிரலையும் தரவில்லை.

ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் பராமரிக்கப்பட்ட திட்டத்தில் இதையெல்லாம் யார் கேட்டிருப்பார்கள்? இவ்வகைத் திட்டங்களால் பயன்பெறும் நிறுவனங்கள் அவற்றுக்கு நிதி தர வேண்டும் என்பது என் கருத்து. கடைசியில் பின்கதவு பிடிபட்டதும் அக்கோப்புகளை எவரும் மறுபடி உருவாக்கிப் பார்த்ததால் அல்ல. தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியிலான உள்நுழைவு ஏன் அரை வினாடி தாமதமாகிறது என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான்.