எத்னிசிட்டி: இனமா, இனக்குழுவா, இனத்துவமா?

அமெரிக்க ஊர் ஒன்றைப் பற்றிய குறிப்பைத் தமிழில் படித்தால், மக்கள்தொகைப் பகுதியில் சில சமயம் இப்படி ஒரு வரி வந்து நிற்கும்: ‘இவ்வூரின் இன மற்றும் இன அமைப்பு வருமாறு.’ மொழிபெயர்த்தவரைத் திட்டிப் பயனில்லை. ஆங்கில மூலத்தில் ரேஸ் (race: நிறம், உடல்வாகு பார்த்துச் சொல்லும் பிரிவு) என்று ஒன்றும் எத்னிசிட்டி (ethnicity: பூர்வீகம், பண்பாடு பார்த்துச் சொல்லும் பிரிவு) என்று ஒன்றும் இருக்கின்றன. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் முதலில் கிடைப்பது ‘இனம்’தான். கீழே வரும் சதவீதங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நூறைத் தாண்டிவிடும். கணக்குத் தப்பு என்று வாசகர் நினைத்துக்கொள்வார். கணக்கு சரிதான், சொல்தான் இடிக்கிறது.

எத்னிசிட்டிக்கு வேர் ‘எத்னொஸ்’ என்ற கிரேக்கச் சொல். சேர்ந்து வாழும் கூட்டம் என்பது அதன் பழைய பொருள். மனிதக் கூட்டம்தான் என்றில்லை. ஹோமர் தேனீக் கூட்டத்துக்கும் இதே சொல்லைப் போடுகிறார். நம் பழம்பாடல்களில் ‘இனவண்டு’ என்றும் ‘ஆனினம்’ என்றும் வருவதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூட்டமாகப் பறக்கும் வண்டு, கூட்டமாக மேயும் மாடு. அந்த அளவில் எத்னொஸும் இனமும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன.

யூத மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், யூதரல்லாத பிற மக்களைக் குறிக்க எத்னொஸின் பன்மையை எடுத்துக்கொண்டார்கள். அங்கே சொல்லின் போக்கு திரும்பியது. ஆங்கிலத்துக்கு ‘எத்னிக்’ முதலில் வந்து சேர்ந்தபோது அதற்கு ‘வேற்றுச் சமயத்தான்’ என்றுதான் பொருள். இதன் தடம் தமிழிலும் உண்டு. மத்தேயு நற்செய்தியின் கடைசியில் இயேசு சீடர்களை அனுப்பும் இடத்தில் கிரேக்க மூலம் ‘எல்லா எத்னொஸ்களையும்’ என்கிறது. பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு இதைச் ‘சகல ஜாதிகளையும்’ என்று சொல்ல, பிற்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு ‘எல்லா மக்களினத்தாரையும்’ என்று சொல்கிறது. ஒரே கிரேக்கச் சொல் தமிழில் ஒரு முறை ஜாதியானது, இன்னொரு முறை இனமானது. இன்றைக்கு ஜாதி என்று எழுதினால் விவகாரம் வேறு எங்கோ போய்விடும் என்பதால் அதை இத்தோடு விட்டுவிடலாம்.

இனம் என்ற சொல் தமிழில் ஒருபோதும் பிறப்பை மட்டும் சுட்டியதில்லை. திருக்குறளில் ‘சிற்றினஞ்சேராமை’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு’ என்கிற குறளில் இனம் என்றால் நாம் யாரோடு பழகுகிறோமோ அந்தக் கூட்டம். வல்லினம், மெல்லினம் என்பதில் அது வகை. செலவினம் என்றால் கணக்கில் ஓர் உருப்படி. ‘இனந்தெரியாத நபர்’ என்று செய்தியில் வந்தால் ஆள் யாரென்று தெரியவில்லை என்று பொருள். அவர் வெள்ளையரா கறுப்பரா என்று யாரும் கேட்பதில்லை. இவ்வளவு இடத்தில் புழங்கும் சொல்லை ரேஸுக்கு மட்டும் என்று வேலி போட்டு நிறுத்த முடியாது.

ரேஸ் பிரெஞ்சு வழியாக, ‘ராட்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதற்கு முந்தைய வேரில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. தோல்நிறத்தையும் உடல்வாகையும் வைத்து மனிதரைச் சில பெட்டிகளில் அடைக்கும் பொருள், ஐரோப்பியர் குடியேற்றங்களும் அடிமை வாணிபமும் வளர்ந்த காலத்தில் அதன்மேல் ஏறியது. எத்னிசிட்டி இப்போதைய பொருளில் இளைய சொல். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் அதைப் பரப்பினார்கள். அவர்களில் முன்னோடியான லாய்ட் வார்னர் ஆய்வு செய்தது மாநகரம் எதையும் அல்ல, மாசசூசெட்ஸில் கடலோரத்திலுள்ள நியூபரிபோர்ட் என்ற சிற்றூரை. ஐரிஷ்காரர், இத்தாலியர், போலந்துக்காரர் என்று நிறத்தில் ஒன்றாகத் தெரிபவர்கள் வாழ்க்கையில் தனித்தனிக் கூட்டங்களாக இருந்தார்கள். அதைச் சொல்ல ரேஸ் உதவவில்லை.

இந்த இரண்டு சொற்களும் எங்கே பிரிகின்றன, எங்கே மோதுகின்றன என்று பார்க்க மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராமிக்கைவிட நல்ல ஊர் கிடைக்காது. டெட்ராய்ட் மாநகரம் ஏறக்குறைய நாற்புறமும் சூழ்ந்து கிடக்க, நடுவில் ஐந்தரை சதுர கிலோமீட்டருக்குள் தனி நகராட்சியாக இருக்கும் குட்டி ஊர் அது. டாட்ஜ் சகோதரர்களின் கார் ஆலை வந்ததும் போலந்திலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1910இல் 3,559 பேர் இருந்த ஊரில் 1920இல் 48,615 பேர். ஆலை 1980இல் மூடப்பட்டது, கூட்டம் கலைந்தது. அப்புறம் யேமனியரும் வங்கதேசத்தவரும் போஸ்னியரும் வந்து காலி வீடுகளை நிரப்பினார்கள். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ‘பூன்ச்கி’ என்கிற போலிஷ் இனிப்புப் பணியாரத்துக்கு ஜனங்கள் வரிசையில் நிற்கும் ஊரில், 2004இல் பள்ளிவாசல் பாங்கை ஒலிபெருக்கியில் சொல்லலாமா என்று வாக்கெடுப்பு நடந்து, சொல்லலாம் என்று முடிவானது. கோனன்ட் அவென்யூவின் ஒரு பகுதிக்கு 2008இல் ‘பங்களாதேஷ் அவென்யூ’ என்று கௌரவப் பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய நூறாண்டு போலிஷ் வம்சாவளி மேயர்களையே கண்ட ஊருக்கு 2022இல் யேமனில் பிறந்த ஒருவர் மேயராகப் பொறுப்பேற்றார்.

இவ்வளவு கலவையான ஊரின் 2010 கணக்கெடுப்பு அட்டவணை என்ன சொல்கிறது? வெள்ளையர் பாதிக்குச் சற்று மேல், ஆசியர் ஐந்தில் ஒரு பங்கு, கறுப்பர் ஏறக்குறைய அதே அளவு. ஏதோ சராசரி அமெரிக்கப் புறநகர் மாதிரி இருக்கிறது. காரணம் இதுதான்: அமெரிக்க அரசு 1977இல் வகுத்த விதிப்படி ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா ஆகிய மூன்று வட்டாரங்களையும் பூர்வீகமாகக் கொண்டவர்கள் எல்லோரும் ‘வெள்ளையர்’. ஆகவே போலந்துப் பாட்டியும், போஸ்னியக் குடும்பமும், யேமன் மளிகைக்காரரும் ஒரே பெட்டி.

எத்னிசிட்டி கட்டத்தில் இந்த வேறுபாடு தெரியும் என்று எதிர்பார்த்தால் அங்கே இன்னொரு வேடிக்கை. அந்த விதியில் எத்னிசிட்டிக்கு இரண்டே விடைதான்: ஹிஸ்பானிக், ஹிஸ்பானிக் அல்லாதவர். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் கறுப்பராகவும் இருக்கலாம், வெள்ளையராகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தனிக் கேள்வியாக்கினார்கள். சதவீதங்கள் நூறைத் தாண்டுவது இதனால்தான். ஒரே ஆள் இரண்டு கேள்வியிலும் எண்ணப்படுகிறார். ஹாம்ட்ராமிக்கிலோ ஹிஸ்பானிக் மக்கள் மிகச் சிலர். எத்தனையோ இனக்குழுக்கள் நெருக்கியடித்து வாழும் ஊரில் எத்னிசிட்டி கட்டம் கிட்டத்தட்டக் காலி! சமூகவியல் சொன்ன எத்னிசிட்டியும் அரசுப் படிவத்தின் எத்னிசிட்டியும் பெயரளவில்தான் ஒன்று.

யேமனியர் எல்லாக் காலத்திலும் வெள்ளையர் பட்டியலில் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அந்நாளில் அமெரிக்கக் குடியுரிமை கேட்பவர் வெள்ளையராக இருக்க வேண்டும், அல்லது ஆப்பிரிக்க வம்சாவளியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. 1942இல் அகமது ஹசன் என்ற யேமனியரின் விண்ணப்பத்தை டெட்ராய்டிலிருந்த கூட்டரசு நீதிபதி, அரபியர் வெள்ளையர் அல்லர் என்று சொல்லித் தள்ளுபடி செய்தார். இரண்டே ஆண்டில் மாசசூசெட்ஸில் இன்னொரு நீதிபதி, அரேபியாவிலிருந்து வந்த வேறொருவருக்கு வெள்ளையர் என்றே குடியுரிமை கொடுத்தார். நம்மவர் கதையும் குறைந்ததில்லை. 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் ‘இந்து’ என்பது ஒரு ரேஸ். பஞ்சாபிச் சீக்கியரும் அதில்தான் அடக்கம். 1970இல் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980இல்தான் ‘ஆசிய இந்தியர்’ என்ற கட்டம் பிறந்தது. அதே மனிதர், அதே தோல், படிவம் மட்டும் மாறியிருக்கிறது. 2024 மார்ச்சில் விதி மறுபடி திருத்தப்பட்டு இரண்டு கேள்விகளும் ஒன்றாக்கப்பட்டன. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பூர்வீகத்துக்குத் தனி வகை வந்தது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? என் கட்சி இது. ரேஸும் எத்னிசிட்டியும் அடுத்தடுத்து வருகிற இடத்தில் ரேஸுக்கு ‘இனம்’ என்றே வைக்கலாம். சொல்லின் பழம்பொருளைப் பார்த்தால் எத்னொஸுக்குத்தான் அது பொருத்தம் என்பது உண்மை. ஆனால் இனவெறி, இனப்பாகுபாடு என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதி எழுதி ஊறிவிட்டது. பிடுங்கி நட முடியாது. எத்னிக் குழுவுக்கு ‘இனக்குழு’ நன்றாகவே நிலைத்திருக்கிறது. அந்தத் தன்மையைச் சொல்ல இலங்கைத் தமிழ் ஆய்வாளர்கள் ‘இனத்துவம்’ என்ற சொல்லைப் புழங்குகிறார்கள். தமிழ்நாட்டில் இது இன்னும் அவ்வளவாக ஏறவில்லை. ஏற வேண்டிய சொல்.

இனப்பிரச்சினை, இனப்படுகொலை போன்றவற்றைத் தொட வேண்டாம். அவற்றில் இனம் எத்னிக் பொருளில்தான் வருகிறது என்றாலும் யாருக்கும் குழப்பமில்லை.

அந்த முதல் வரியின் ஆங்கில மூலத்தில் ‘மேக்கப்’ (makeup: எந்தெந்தக் குழு எவ்வளவு என்ற சேர்மானம்) என்று வருவதற்கு ‘அமைப்பு’ என்று போடுவது தவறில்லை, ஆனால் மொட்டையாக இருக்கிறது. சங்கமோ கட்சியோ என்று நினைக்கத் தோன்றும். இதற்கும் இலங்கையில் கையிருப்பு உண்டு: இனப்பரம்பல், குடிப்பரம்பல், இனவிகிதாசாரம். யார் எங்கே பரவியிருக்கிறார்கள் என்பதற்குப் பரம்பல், நூற்றுக்கு எத்தனை என்பதற்கு விகிதாசாரம். அங்கே குடியேற்றமும் தொகுதிக் கணக்கும் அன்றாட அரசியல் என்பதால் சொற்கள் தீட்டப்பட்டுக் கூராக இருக்கின்றன. ஆக, அந்த முதல் வரியை ‘இவ்வூரின் இன, இனத்துவ விகிதாசாரம்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. இரண்டு கேள்வியாகக் கேட்ட அமெரிக்கப் படிவத்தைப் பற்றிய குறிப்பென்றால் ‘இங்கே இனத்துவம் என்பது ஹிஸ்பானிக்கா இல்லையா என்பது மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

தமிழர் இந்த அட்டவணையில் எங்கே வருவார்கள் என்ற கேள்வி எழும். இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் 1911 முதலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்தே எண்ணுகிறார்கள்; தமிழே பேசும் சோனகர் (இலங்கை முஸ்லிம்கள்) தனி இனம். அமெரிக்கக் கணக்கெடுப்பில் மதுரைக்காரர் ஆசிய இந்தியர், யாழ்ப்பாணத்துக்காரர் இலங்கையர், இருவரும் ஆசியர் என்ற தலைப்பின் கீழ் வெவ்வேறு வரிகள். ஒரே தெருவில் குடியிருந்தாலும் அப்படித்தான். அவர்களைச் சேர்த்து எண்ண வேண்டுமென்றால், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று தனியாகக் கேட்கும் ஆண்டு ஆய்வுக்குத்தான் போக வேண்டும்.