தொழிலாளர் சேமிப்பில் வேலைவாய்ப்பு நிதி: தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

தொழிற்சங்கமே உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி முதலீட்டு நிதி தொடங்கி வேலைவாய்ப்பை உருவாக்கலாம் என்ற யோசனை வந்ததும், எவ்வளவு திரட்டலாம் என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. முதலில் பேச வேண்டியது வேறு. போட்ட பணத்தை உறுப்பினர் எப்போது திரும்பக் கேட்கலாம்?

ஒரு சிறு தொழிற்சாலையில் போட்ட மூலதனம் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். நொடிக்கும் நிறுவனங்களோ பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே நொடித்துவிடும். அதாவது, நஷ்டம் முதலில் தெரியும், லாபம் பின்னால்தான் வரும். நினைத்தபோது பணத்தை எடுக்கலாம் என்று விதி இருந்தால், அந்த இடைவெளியிலேயே நிதி காலியாகிவிடும்.

கனடாவின் கியூபெக் மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1983-ல் தொடங்கிய ஒருமைப்பாட்டு நிதி இதற்கு விடை கண்டது. கடும் வேலையின்மை நிலவிய நேரம் அது. கூட்டமைப்பின் தலைவர் லூயி லபெர்ஜ் முன்நின்றார். நிதியின் பங்கை வாங்கிய தொழிலாளருக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் சில விதிவிலக்குகள் தவிர, ஓய்வுபெறும்வரை பணத்தை எடுக்க முடியாது. நிகரச் சொத்தில் (கடன் போக மீதமுள்ள சொத்தில்) 60 சதவீதத்தையாவது உள்ளூர் நிறுவனங்களில் பிணையம் வாங்காமல் போட வேண்டும் என்று சட்டமே சொன்னது. பின்னாளில் அது 65 ஆனது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பழக்கம் அங்கே உண்டு. பணம் போடும் முன் கணக்குப் புத்தகத்தோடு நிற்காமல், தொழிற்கூடத்துக்கே போய் 'சமூகத் தணிக்கை' செய்கிறார்கள். பாதுகாப்பு எப்படி, நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் உறவு எப்படி என்று பார்க்கிறார்கள். முதலீட்டுக்குப் பிறகு, நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்க அந்தத் தொழிலாளர்களுக்கே பயிற்சி தருகிறார்கள். சரக்கு தேங்குவதும் இயந்திரம் ஓடாமல் நிற்பதும் முதலில் கண்ணில் படுவது அவர்களுக்குத்தானே.

தென்னாப்பிரிக்காவில் பாதை வேறு. 1995-ல் தேசிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் 30 லட்சம் ராண்ட் கடனோடு முதலீட்டு நிறுவனம் தொடங்கியது. லாபத்தின் பங்கு அறக்கட்டளை வழியாகக் கல்வி உதவித்தொகைக்கும் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளருக்கான பணிகளுக்கும் போகிறது. நல்ல காரியம்தான். ஆனாலும் ஊடகம், சூதாட்டவிடுதி போன்ற ஏற்கெனவே நடக்கும் தொழில்களில் பங்கு வாங்கினால், பெரும்பாலும் உடைமைதான் கைமாறும். புதிய வேலை வேண்டுமென்றால் பணம் புதிய இயந்திரத்துக்கும் அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்துக்கும் போக வேண்டும்.

வளரும் நாடுகளில் சிக்கல் அதிகம். பங்குச்சந்தை ஆழமில்லாததால் வாங்கிய பங்கை விற்க ஆள் கிடைப்பது கஷ்டம். எனவே நிறுவனமே பங்கைத் திரும்ப வாங்கும் அட்டவணையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வரிச்சலுகை பெரும்பாலும் கிடைக்காது. முறைசாராத் தொழிலாளியால் ஓய்வுக்காலம்வரை காத்திருக்கவும் முடியாது. அவருக்கு ஐந்தாண்டு எடுக்க முடியாது என்ற பூட்டும், மருத்துவ அவசரத்துக்கு முன்பே எடுக்கத் தனிக் கதவும் போதும். இதைத் தாங்க, திரட்டியதில் மூன்றில் ஒரு பங்கையாவது அரசுப் பத்திரத்திலும் வங்கி வைப்பிலும் வைக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது.

அளவையும் பாருங்கள். 10,000 பேர் மாதம் தலைக்கு 100 கட்டினால் ஆண்டுக்கு 1.2 கோடி. ஆய்வாளர், கணக்காளர், தணிக்கை, அலுவலகம் என்று 24 லட்சம் செலவானால், வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தனிச் சங்கம் தனியாக இறங்க வேண்டாம். பல சங்கங்கள் கூட்டமைப்பாக இறங்கலாம்.

பெரிய ஆபத்து மதிப்பீட்டில் இருக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்துக்குச் சந்தை விலை கிடையாது, நிதியே விலை போடுகிறது. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் ஆதரவில் 1992-ல் தொடங்கிய குரோக்கஸ் நிதி, 2004 டிசம்பரில் பங்கு விற்பனையை நிறுத்தியது. சொத்துகளின் மதிப்பு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. 30,000-க்கும் மேற்பட்ட பங்குதாரர்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டது. வெளி மதிப்பீட்டாளர், ஆண்டுக்கு இருமுறை விலை நிர்ணயம், நஷ்டத்தை அந்த அரையாண்டுக் கணக்கிலேயே கழித்துக் காட்டுதல் ஆகிய மூன்றையும் விதிமுறையிலேயே சேர்த்துவிடுங்கள்.

முதலீட்டுக் குழுவில் சங்கத் தலைவர்கள் பெரும்பான்மையாக இருக்கக்கூடாது. கொள்கையைச் சங்கம் வகுக்கட்டும், எந்த நிறுவனம் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். இல்லையென்றால் தேர்தல் நேரத்தில் ஆதரவாளர்களின் ஊரிலுள்ள நலிந்த ஆலைகளுக்குப் பணம் போகத் தொடங்கும்.

கடைசியாக, சம்பளப் பிடித்தம். முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டு நிதிக்குக் கட்டாமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. ஒவ்வொரு தொழிற்கூடத்திலும் ஒரு பொறுப்பாளர் மாதாமாதம் சம்பளச் சீட்டையும் நிதியின் வரவுப் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். கணக்கு பொருந்தாவிட்டால் அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.