சொரியாசிஸ் மாத்திரைக்குக் காப்பீட்டு அட்டை வேண்டாம், ஓ.பி. சீட்டு போதும்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய மூன்று அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. களிம்பு, மெத்தோட்ரெக்சேட் (சொரியாசிஸுக்கான மாத்திரை), ஃபோலிக் அமிலம் ஆகியவற்றுக்கு ஓ.பி. சீட்டு போதும். வருமானச் சான்று தேவையில்லை.

அட்டை வேறு வேலைக்கு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குச் செல்லாது. ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இல்லையென்றால் காப்பீட்டு கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். முதலில் அதைச் சரிபாருங்கள்.

தனியார் மருத்துவமனையில் "கார்டுல பாத்துக்கலாம்" என்றால் நம்பி செகுகினுமாப் போன்ற ஊசியைத் தொடங்காதீர்கள். முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு மாதாமாதம் போடும் ஊசி அது. பாதியில் பணம் நின்றால் நோய் திரும்பலாம். உங்கள் பெயரில் ஒப்புதல் வந்ததா என்று காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-இல் கேட்ட பிறகே சம்மதியுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மருந்து கவுன்ட்டரில் "ஸ்டாக் இல்லை" என்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். டாக்டரிடமே போய் மாற்று எழுதச் சொல்லுங்கள்; அங்கும் தட்டிக்கழித்தால் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். ரத்த ரிப்போர்ட் இல்லாமல் மெத்தோட்ரெக்சேட் எழுதத் தயங்குவார்கள், அது நியாயம்தான். ஆனால் ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், மாத்திரைக்கு இன்னொரு நாள் என்று கூலி வேலையை விட்டு அலைய வேண்டாம். அடுத்த பரிசோதனைச் சீட்டை இன்றே வாங்கி, சில நாள் முன்னதாகவே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

உயிரே போகக்கூடிய தவறு ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் மட்டும். கவுன்ட்டரில் அவசரத்தில் "தினம் ஒண்ணு" என்று சொல்லிவிடலாம். கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 2.5 மி.கி. மாத்திரை ஆறு என்றால் 15 மி.கி. அதே ஆறு, 10 மி.கி. மாத்திரையாக இருந்தால் 60! மாத்திரைப் பட்டையில் உள்ள மி.கி. எண்ணை ஒவ்வொரு முறையும் பாருங்கள். வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே கேஷுவால்டிக்குப் போங்கள். மது கூடாது, கர்ப்பமோ குழந்தைத் திட்டமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது, சிறுநீர்த் தொற்றுக்கு மெடிக்கலில் கேட்டு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடவே கூடாது.

வரிசைக்கு அலுத்து, தெருக்கோடி கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதிகம். ஒரு வாரத்தில் தோல் தெளியும். ஊசியை நிறுத்தியதும் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாக வெடித்து வார்டில் சேர நேரலாம்.