குழல் ஓடும், வண்டி ஓடாது

ஆந்திராவின் நகரி ஊருக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகையில் தெலுங்கும் திண்ணையில் தமிழுமாக இருக்கும் ஒரு கிராமத்தில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய சிமென்ட் மேடையில் ஒரு பீரங்கி நிற்கிறது. 25 பவுண்டர், அதாவது 25 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடுவது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் முதன்மையான களப் பீரங்கி இதுதான். 1965, 1971 போர்களில் நம் ராணுவமும் இந்த வகையைப் பயன்படுத்தியது. வருகிறவர்கள் குழலின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே குளவிக்கூடுதான் இருக்கிறது. பார்க்க வேண்டியது குழலுக்கு அடியில், பச்சை பெயின்ட் அப்பிக் கிடக்கும் நீளப் பெட்டியை.

குண்டின் எடை 11.3 கிலோ. முழு அளவு வெடிமருந்து போட்டால் நொடிக்குச் சுமார் 530 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அதே அளவு உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கியது) பீரங்கியைப் பின்னால் உதைக்கும். பீரங்கியின் எடை 1,600 கிலோவுக்குச் சற்று மேல். உந்தத்தை இந்த எடையால் வகுத்துப் பார்த்தால், வெடிவாயுவின் உதையைச் சேர்க்காமலே, மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் அது பின்னால் உருண்டிருக்க வேண்டும். கோட்டைக் காலத்துப் பீரங்கிகள் அப்படித்தான் உருண்டன. ஒவ்வொரு முறையும் தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி குறி வைக்க வேண்டும்.

"சுட்டால் குழல் ஓடும், வண்டி ஓடாது" என்றார் மேடையருகே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் தாத்தா. லாரியிலிருந்து வீசப்படும் செங்கல்லைப் பிடிப்பவர் கையை விறைப்பாக வைத்திருப்பதில்லை. கல்லோடு கையையும் கீழே இறக்குகிறார். உதை அதேதான், நேரம் நீள்வதால் வலு குறைகிறது. இங்கே குழல் மட்டும் அரை மீட்டருக்கும் மேல் பின்னால் சறுக்குகிறது. அப்போது பெட்டிக்குள் ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகப் பிதுக்குகிறது. குறுகிய வழியில் எண்ணெய் திணறுவதால் குழலின் வேகம் வெப்பமாக மாறிக் கரைகிறது. மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரில் நடப்பதும் இதுவே. கூடவே அடைத்து வைத்த காற்றும் இறுகுகிறது. குழல் நின்றதும் அந்தக் காற்றே அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. குறி கலைவது மிகக் குறைவு. இந்த ஏற்பாட்டை வெற்றிகரமாகக் களத்துக்குக் கொண்டுவந்தது பிரான்சின் 1897ஆம் ஆண்டு 75 மில்லிமீட்டர் பீரங்கி. என் கணக்கில், பீரங்கியை நவீனமாக்கியது குண்டல்ல, இந்த எண்ணெய்தான்.

அடியில் தொங்கும் இரும்பு வட்டத்தைப் பிள்ளைகள் ஸ்டெப்னி என்கிறார்கள். தாத்தா சிரித்தார். அதைத் தரையில் போட்டு, சக்கரங்களை அதன் மேல் ஏற்றிவிட்டால், பின்பகுதியைத் தூக்கி ஒரே ஆள் பீரங்கியை எந்தத் திசைக்கும் திருப்பிவிடலாமாம்.